கடலோரப் பெண் பிள்ளைகளும் வேலைத் தரகர்களும்: கேள்வி பதில்

ராமநாதபுரம் கடலோர ஊர்களில் பெண் பிள்ளைகளின் பாதுகாப்புக்காகப் பல ஆண்டுகளாகத் தன்னார்வப் பணி செய்துவருபவள் என்ற முறையில், வந்த கேள்விகளுக்கு விடையளிக்கிறேன்.

தங்கச்சிமடத்திலிருந்து: மீன்பிடித் தடைக்காலத்தில் எங்கள் தெருப் பெண்மணி ஒருவரே முன்பணம் கொடுத்து, நூற்பாலை வேலைக்குப் பிள்ளைகளைச் சேர்க்கிறார். சந்தேகப்படலாமா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான அந்த 61 நாள்களில் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போதுதான் தரகர்களின் நடமாட்டம் கூடுகிறது. வருபவர் பெரும்பாலும் அந்நியர் அல்லர். அத்தை முறையோ சித்தி முறையோ உள்ளவராகவே இருப்பார். ஆகவே ஆளைப் பார்க்காதீர்கள், காகிதத்தைப் பாருங்கள். ஆலையின் முழு முகவரி, மாதச் சம்பளம், விடுதியிலிருந்து வீட்டுக்குப் பேசும் வசதி ஆகிய மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். மூன்று ஆண்டு முடிவில் மொத்தத் தொகை தருவதாகச் சொல்லும், 'சுமங்கலித் திட்டம்' என்று பேர்போன ஏற்பாட்டில், இடையில் விலகிய பல பிள்ளைகள் வெறுங்கையோடு திரும்பினார்கள். நான் பார்த்த ஓர் ஆதார் நகலில் பிறந்த ஆண்டு 2005 என்றிருந்தது. கடைசி எண் மட்டும் சற்றே தடித்திருந்ததால் மூல அட்டையைக் கேட்டேன், அதில் 2009. மூல அட்டையைத் தரகரிடம் ஒருபோதும் கொடுக்க வேண்டாம்.

முன்பணத்தைத் திருப்ப முடியாதே என்றுதான் பெற்றோர் அஞ்சுகிறார்கள். அதைக் காட்டிப் பிள்ளையை வெளியேறவிடாமல் வேலை வாங்கினால் அது கொத்தடிமை முறை. 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தக் கடனே செல்லாது.

சாயல்குடியிலிருந்து: எங்கள் இளைஞர் மன்றத்தினர் வேனை மறித்துப் பிள்ளைகளை மீட்கலாமா அக்கா?

கூடாது. தொடக்கக் காலத்தில் நாங்களும் அப்படி ஒரு வேனை மறித்தோம். கூச்சலில் தரகர் நழுவிவிட்டார். பிள்ளைகளோ எங்களைக் கண்டுதான் நடுங்கினார்கள். வண்டி எண்ணையும் போகும் திசையையும் குறித்துக்கொண்டு குழந்தைகள் உதவி எண் 1098 அல்லது அவசர உதவி எண் 112-ஐ அழையுங்கள். பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையைப் பொதுநல அக்கறையுள்ள எவரும் குழந்தைகள் நலக் குழுவின் முன் 24 மணி நேரத்துக்குள் ஒப்படைக்கலாம் என்று 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் இடமளிக்கிறது. ஆயினும் காவலரோடு சேர்ந்து போவதே நல்லது.

தொண்டியிலிருந்து: காணாமல் போன பதினாறு வயதுப் பிள்ளையின் படத்தை வாட்ஸ்அப்பில் பரப்பலாமா?

படத்தைக் காவல் நிலையத்தில் கொடுங்கள். வெளியிடுவதை அவர்கள் முடிவு செய்யட்டும். பிள்ளை இரண்டே நாளில் திரும்பிவிடலாம், படம் திரும்பாது. 'எங்கள் எல்லை இல்லை' என்று எந்த நிலையமும் மறுக்க முடியாது. குழந்தை காணாமல் போனாலே கடத்தல் எனக் கருதி முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது.

மண்டபத்திலிருந்து: இங்குள்ள இலங்கைத் தமிழர் முகாம் பிள்ளைகளுக்கும் இச்சட்டங்கள் பொருந்துமா?

பொருந்தும். குடியுரிமையை யாரும் கேட்க வேண்டியதில்லை.

கீழக்கரையிலிருந்து: சுற்றுலா விசாவில் வளைகுடாவுக்கு வீட்டு வேலை என்கிறார்கள். பெண்ணுக்கு வயது 22.

அனுப்பாதீர்கள். வளைகுடா நாடுகளைப் போல, வேலைக்குச் செல்ல இந்திய அரசின் குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் நாடுகளுக்கு வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்ணுக்கு 30 வயது நிரம்பியிருக்க வேண்டும். அதுவும் அரசு நிறுவனங்கள் வழியாகவே செல்ல வேண்டும். சுற்றுலா விசா என்பதே அதை ஏய்க்கும் வழிதான்.

திருப்பாலைக்குடியிலிருந்து ஒரு பெரியவர்: இனி எந்தப் பெண் பிள்ளையையும் வெளியூர் வேலைக்கு அனுப்புவதில்லை என்று ஊர்க்கூட்டத்தில் முடிவெடுத்தோம். சரிதானே?

இதற்குத் தொண்டிச் சகோதரி, "பையன்கள் திருப்பூர் போகலாம், நாங்கள் போகக் கூடாதா?" என்று கேட்க, பெரியவர், "விருப்பப்பட்டுப் போய்ச் சீரழிந்தால் யார் பொறுப்பு?" என்று திருப்பிக் கேட்டிருக்கிறார். நான் சகோதரியின் பக்கம்.

ஐயா, உங்கள் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் வாசலை அடைத்தால் பிள்ளைகள் சொல்லாமல் போவார்கள். சொல்லாமல் போகும் பிள்ளையைத்தான் தரகர் விரும்புகிறார். அல்லது பதினாறு வயதில் கட்டிக்கொடுத்துவிடுவீர்கள். அந்த மாப்பிள்ளையே தரகராக இருந்ததும் உண்டு. ஏமாற்றிக் கொண்டுபோயோ விலைக்கு விற்றோ நடத்தும் குழந்தைத் திருமணம் செல்லவே செல்லாது என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுவது இதனால்தான். 'விருப்பப்பட்டு' என்ற சொல்லும் இங்கே எடுபடாது: இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆம் பிரிவு, ஆள்கடத்தலில் பாதிக்கப்பட்டவரின் சம்மதம் பொருட்டல்ல என்கிறது, குழந்தையைக் கடத்தினால் குறைந்தது பத்தாண்டுச் சிறை. சம்மதித்தாள் என்பதற்காகப் பிள்ளையைக் குற்றவாளியாக்கும் ஊருக்கு, மீட்கப்பட்டவள் எப்படித் திரும்பி வருவாள்?

பரமக்குடியிலிருந்து: மீட்கப்பட்ட பிள்ளைகளின் படத்தை மங்கலாக்கிப் போடலாமா?

மறுபடியும் படமா! தாவணியையும் தெருவையும் வைத்தே ஊர் கண்டுபிடித்துவிடும். குழந்தையின் அடையாளத்தை வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்.

தேவிபட்டினத்திலிருந்து: என் மகனுக்குச் சிங்கப்பூர் வேலை உண்மையா?

என் துறை இல்லை. முகவரின் பதிவு எண்ணை இந்திய அரசின் இ-மைகிரேட் இணையதளத்தில் சரிபாருங்கள்.

ஏர்வாடியிலிருந்து: ஊருக்குள் தன்னார்வலர் முதலில் செய்ய வேண்டியது என்ன?

ஒரு நோட்டு. யார் போனாள், யார் அழைத்துப் போனார், எந்த ஆலை, எந்த எண், எந்தத் தேதி என்று அதில் எழுதிவையுங்கள். வாரம் ஒருமுறை பேசுங்கள். பக்கத்தில் கண்காணிப்பவர் இருந்தாலும் சொல்லக்கூடிய ஒரு குறிப்புச் சொல்லைப் புறப்படும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருத்தி, "அம்மா, கருவாடு கொடுத்துவிடு" என்றாள்; மறுநாள் காலை நாங்கள் காவலருடன் அந்த விடுதி வாசலில் நின்றோம். என்ன சொல் வைக்கலாம் என்று இங்கே கேட்காதீர்கள். தரகர்களும் இதைப் படிக்கிறார்கள்.