எல் நினோ ஆண்டில் டெல்டாவில் சம்பா போடலாமா?

எல் நினோ என்றாலே தமிழ்நாட்டுக்கு வறட்சி, சம்பா போடுவது வீண் என்கிறார்களே, உண்மையா என்பது கேள்வி. பாதிதான் உண்மை. வட இந்தியாவை மனதில் வைத்து எழுதும் செய்தி காவிரி டெல்டாவுக்குப் பொருந்தாது.

நடு, கிழக்குப் பசிபிக்கின் கடல்பரப்பு வழக்கத்தைவிட 0.5 டிகிரிக்கு மேல் சூடாகிப் பல மாதம் நீடித்தால் அது எல் நினோ. மேகம் திரளும் இடம் இந்தோனேசியாவை விட்டுக் கிழக்கே நகர்ந்துவிடும். நம் பக்கம் தென்மேற்குப் பருவமழை சோரும். காவிரி பிறக்கும் குடகில் மழை குறையும். மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது தள்ளிப்போகும். சம்பாவுக்கு முந்தைய குறுகிய கால நெல்லான குறுவை அடிபடும். இதுவரை சரி.

அக்டோபருக்குப் பிறகு நிலைமை தலைகீழ். அதே எல் நினோ தென் வங்கக்கடலில் கீழைக்காற்றை வலுவாக்கி ஈரத்தை நம் கரைக்குத் தள்ளும். 2015-இல் நாட்டின் தென்மேற்குப் பருவமழை 14% குறைவு. அந்த நவம்பரில்தான் கடலூர் வயல்கள் மூழ்கின. டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியது. ஆகவே எல் நினோ ஆண்டில் சம்பாவுக்கு ஆபத்து பெரும்பாலும் வெள்ளம்தான். அணை தாமதமாகத் திறந்ததால் தாமதமாக நட்ட நாற்று, தூர் கட்டும் முன்பே முழுகி அழுகும். தண்ணீருக்குக் காத்திருக்காமல் செப்டம்பரில் புழுதி விதைப்பு (காய்ந்த நிலத்தில் நேரடியாக விதைப்பது) செய்தால் அடைமழைக்குள் பயிர் ஓரளவு உயர்ந்துவிடும். பள்ளக்காலுக்கு, அதாவது தாழ்வான வயலுக்கு, சி.ஆர் 1009 சப் 1 என்ற நெல் ரகம் நல்லது. இரண்டு வாரம் வரை முழுகினாலும் மீளும். ஆனால் அது 155 நாள் ரகம். விதைக்கும் பட்டம் தவறிவிட்டால் 130-135 நாள் ரகமே மேல்.

எல் நினோவுக்கு நேர்மாறாக அதே பசிபிக் பரப்பு குளிர்வது லா நினா. அதில் பயம் வேறு. 2016-இல் அதோடு இந்தியப் பெருங்கடலின் இருமுனையும் எதிர்மறையாக இருந்தது. அதாவது சுமத்ரா பக்கம் கடல் சூடு, ஆப்பிரிக்கா பக்கம் குளிர்ச்சி. மேகமெல்லாம் கிழக்கே போனது. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62% குறைவு. வர்தா புயல் வந்தும் மழை சென்னைப் பக்கம்தான், டெல்டா காய்ந்தது. ஆனால் 2021-உம் லா நினாதான், அப்போது வடகிழக்கு மழை வெளுத்து வாங்கியது! குறியீடு வாய்ப்பைச் சொல்லும், அவ்வளவுதான்.

லா நினாவில் பலர் கவனிக்காதது ஜனவரி. அம்மாதத்தின் சராசரி மழை 1 செ.மீ. சொச்சம், 2021-இல் அதைப்போல் பல மடங்கு பெய்து, முற்றிய கதிர் சாய்ந்து வயலிலேயே முளைவிட்டது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பத வரம்பு 17%; தளர்வு ஆணை வரும்வரை நெல் களத்தில் கிடக்கும்.

செப்டம்பரில் இருமுனைக் குறியீட்டைப் பாருங்கள்: +0.4 டிகிரிக்கு மேல் (2016-க்கு நேர்மாறாக ஆப்பிரிக்கா பக்கம் கடல் சூடு) என்றால் மழை கூடலாம், முதல் வேலை வடிகால் தூர்வாருவது. அக்டோபரிலிருந்து வாராவாரம் மேடன்-ஜூலியன் அலைவைப் பாருங்கள். 30-60 நாளில் உலகைச் சுற்றும் இந்த மேகக்கூட்டம் இந்தியப் பெருங்கடலுக்கு மேல் (அதன் பாதையைப் பிரிக்கும் எட்டுக் கட்டங்களில் 2, 3) வரப்போகிறதென்றால் மேலுரத்தைத் தள்ளிவையுங்கள். தேங்கிய நீரில் போட்ட யூரியா வடிகாலோடு போய்விடும்.