சினிமாவுக்கு வர முடியாத நாடக நடிகர்கள் திறமைக் குறைவால்தான் மேடையோடு நின்றுபோனார்களா?

இந்தக் கேள்விக்குப் பதில் எழுத வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். “வர முடியாத” என்ற சொல் உறுத்தியது. இரண்டு நாள் கண்டுகொள்ளாமல் இருந்தேன், மூன்றாம் நாள் முடியவில்லை.

கேட்டவர் இளைஞராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஏதோ ஒரு பழைய படத்தில் வேலைக்காரராகவோ ஊர்ப் பெரியவராகவோ அரை நிமிடம் வந்துபோகும் ஒரு முகத்தைப் பார்த்திருப்பீர்கள். இவர் நாடகத்தில் பெரிய ஆளாம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அப்புறம் ஏன் இந்த நிலைமை என்று தோன்றியிருக்கும். தப்பாகக் கேட்டீர்கள் என்று சொல்லவில்லை. ஆனால் இந்தக் கேள்வியை என் அம்மாவிடம் நேருக்கு நேர் கேட்டவர்கள் நிறையப் பேர். எல்லோரும் அவர் கையால் காபி வாங்கிக் குடித்துக்கொண்டேதான் கேட்டார்கள்.

அம்மா ஸ்பெஷல் நாடகத்தில் ஸ்திரீபார்ட், அதாவது கதாநாயகி வேஷம். 1979-ல் மேடை ஏறி 2008 வரை மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை, திண்டுக்கல் பக்கம் ஆடாத திருவிழா இல்லை. வள்ளி, பவளக்கொடி, சாவித்திரி, சந்திரமதி வேஷமெல்லாம் கட்டுவார். அப்பா மிருதங்கம். நானும் ஆறு வயதிலிருந்து பத்து வயது வரை ‘நடிகன்’தான். அரிச்சந்திரா நாடகத்தில் பாம்பு கடித்துச் சாகிற லோகிதாசன்.

ஸ்பெஷல் நாடகம் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இதற்கு கம்பெனி கிடையாது, ஒத்திகை கிடையாது. வள்ளி திருமணம் நாடகம் என்றால், முருகன் காரைக்குடியிலிருந்து வருவார், வள்ளி மதுரையிலிருந்து, நாரதர் புதுக்கோட்டையிலிருந்து. பபூனும் டான்ஸும் எந்த ஊரோ. ஒருவரை ஒருவர் முன்பின் பார்க்காமலேகூட இருந்திருக்கலாம். ராத்திரி ஒன்பது மணிக்கு மேடைக்குப் பின்னால் அரிதாரம் பூசும்போதுதான் “நீங்கதான் நாரதரா, வணக்கம்ணே” என்று அறிமுகம். பத்து மணிக்கு பபூன் ஏறுவார். விடியும்போது வள்ளிக்குக் கல்யாணம் ஆகியிருக்க வேண்டும்.

இது எப்படி முடிகிறது என்றால், சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி வைத்துவிட்டுப் போன பாட்டும் வசனமும் எல்லோருக்கும் பாடம். அவர் இறந்தது 1922-ல். நூறு வருடத்துக்குப் பிறகும் அந்தப் பாடத்தை நம்பித்தான் முன்பின் தெரியாத நாலு பேர் ஒரே மேடையில் துணிந்து நிற்கிறார்கள். ஆனால் தர்க்கம் என்று ஒன்று இருக்கிறது, அதைத்தான் யாரும் எழுதி வைக்கவில்லை. நாரதர் எதைக் கேட்பார் என்று வள்ளிக்குத் தெரியாது. கந்தபுராணத்திலிருந்தும் கேட்பார், அன்று மத்தியானம் அந்த ஊரில் நடந்த சண்டையிலிருந்தும் கேட்பார். பதில் சொல்லத் தெரியாமல் நின்றால் கூட்டம் விடாது. அம்மா படித்தது ஐந்தாம் வகுப்பு. அவர் பெட்டியில் சேலைக்கு அடியில் எப்போதும் திருப்புகழ்ப் புத்தகம் ஒன்று இருக்கும், அட்டை கிழிந்து, மஞ்சள் கறையோடு.

திறமை என்று கேட்டீர்களே, ஒரு சம்பவம் சொல்கிறேன்.

மேலூர் பக்கம் ஒரு ஊர். எனக்கு ஏழு வயது. லோகிதாசனுக்குச் சாவு ராத்திரி மூன்றரை மணிக்கு. அதற்கப்புறம் சந்திரமதி புலம்பல், மயானம், அரிச்சந்திரன் வாய்க்கரிசி கேட்பது என்று ஒரு மணி நேரத்துக்கு மேல் நான் மேடையில் பிணமாகக் கிடக்க வேண்டும். ஏழு வயதுப் பிள்ளையை அந்த நேரத்தில் கண்ணை மூடிப் படுக்கச் சொன்னால் என்ன ஆகும்? நிஜமாகவே தூங்கிவிட்டேன். தூக்கத்தில் ஒருக்களித்துப் புரண்டு, காலை மடக்கி, கையைக் கன்னத்துக்கு வைத்துக்கொண்டேனாம். கூட்டம் மொத்தமும் சிரித்துவிட்டது. “பொணம் பெரளுதுடோய்” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

அம்மா பாட்டை நிறுத்தவில்லை. அதே ராகத்தில், அதே முகாரியில், “வீட்டில் தூங்கும்போதும் இப்படித்தானே புரள்வாய் ராசா, உனக்கு இது மயானம் என்று யார் சொல்வார்” என்று சொந்தமாக ஒரு வரி போட்டார். மடங்கிக் கிடந்த என் காலை மெதுவாக நீட்டிவிட்டார். ஆர்மோனியக்காரர் கையை எடுத்துவிட்டார், அப்பா மிருதங்கத்தை விட்டுவிட்டார். சிரித்த கூட்டம் ஒரு நிமிடத்தில் மூக்கைச் சிந்தியது. விடியும்வரை மைக்கில் அன்பளிப்பு வாசித்துக்கொண்டே இருந்தார்கள். அப்பா இதைச் சாகும்வரை நூறு தடவையாவது சொல்லியிருப்பார். எனக்கு எதுவும் ஞாபகம் இல்லை, நான்தான் தூங்கிக்கொண்டிருந்தேனே.

மகன் அம்மாவைப் புகழாமல் வேறு யார் புகழ்வார் என்று சிலர் நினைக்கலாம். நினைத்துக்கொள்ளுங்கள். எல்லா நாடகக்காரர்களும் மேதைகள் என்றும் நான் சொல்ல வரவில்லை. குரலே இல்லாமல் ஆளைப் பிடித்து நோட்டீஸில் படம் போட்டுக்கொண்டவர்கள் உண்டு. பபூன் காமெடியில் காது கூசும் இரட்டை அர்த்தம் உண்டு, அதையும் மறைக்கவில்லை.

இப்போது சினிமாவுக்கு வருகிறேன். 1993 பங்குனி. காரைக்குடி பக்கம் படப்பிடிப்பு. அம்மாவின் நாடகத்தைப் பார்த்த ஒருவர் சொல்லி, சினிமா கம்பெனி ஆள் ஒருவர் வீட்டுக்கே வந்தார். கதாநாயகனுக்கு அத்தை வேஷம், நாலு சீன், வசனம் உண்டு, மூன்று நாள் வேலை. இரண்டாம் நாள் அம்மாவுக்குத் திருப்பத்தூர் பக்கம் ஒரு ஊரில் வள்ளி திருமணம். தை மாதமே 101 ரூபாய் அட்வான்ஸ் வாங்கி டைரியில் குறித்தாகிவிட்டது. முதல் நாளும் மூன்றாம் நாளும் வருகிறேன் என்றார் அம்மா. அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. ஊர்க்காரர்களிடம் உடம்புக்குச் சரியில்லை என்று சொல்லிவிடலாமே என்று அந்த ஆளே யோசனையும் சொன்னார்.

“நோட்டீஸ்ல எம் போட்டோவப் போட்டு ஒட்டிட்டாங்க தம்பி. சாமிக்குக் காப்புக் கட்டிருக்க ஊரு. நான் போகலைன்னா அங்க வள்ளி யாரு?” என்று கேட்டு அனுப்பிவிட்டார்.

ஒப்புக்கொண்ட தேதிக்குப் போகாவிட்டால் நாடக நடிகர் சங்கத்தில் பஞ்சாயத்து, அபராதம் எல்லாம் உண்டுதான். ஆனால் அம்மா போனது அபராதத்துக்குப் பயந்து இல்லை. கூலிக் கணக்கையும் பாருங்கள். அப்போது அவருக்கு ஒரு ராத்திரிக்கு 700 ரூபாய், அன்பளிப்பு தனி. சினிமாவில் ஒரு நாளைக்கு 200 தருவதாகச் சொன்னார்கள். மாசியிலிருந்து வைகாசி வரை மாதம் இருபது ராத்திரி வேலை இருக்கிற ஒருவர் எதற்காக அங்கே போய் நிற்க வேண்டும்? அந்த அத்தை வேஷத்தை வேறு ஒருவர் செய்தார், பிறகு வரிசையாகப் படங்கள் செய்தார். எங்கள் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லி உச்சுக் கொட்டுவார்கள். அம்மா உச்சுக் கொட்டி நான் பார்த்ததில்லை.

மேடையும் சினிமாவும் பகை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தமிழ் சினிமா பேச ஆரம்பித்ததே மேடை ஆட்களை வைத்துத்தான். 1931-ல் காளிதாஸில் கதாநாயகியாக வந்த டி.பி. ராஜலட்சுமி நாடகத்திலிருந்து வந்தவர். 1936-லேயே படம் இயக்கிய பெண் அவர், இன்று எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? 1935-ல் நந்தனார் படத்துக்காக கே.பி. சுந்தராம்பாளுக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார்கள் என்றால், அந்தக் குரலின் விலை ஏற்கெனவே மேடையில் முடிவாகியிருந்தது. அவரோடு ஜோடி சேர்ந்து பாடிய கிட்டப்பா 1933-ல் இருபத்தேழு வயதில் போய்விட்டார். சினிமா அவரைத் தொடவே இல்லை, அதனால் அவருக்குத் திறமை குறைவு என்று யாராவது சொல்வோமா? சினிமாவுக்குப் போனவர்களில் சிலருக்கு வேறு விதமாக ஆனது. ‘குலதெய்வம்’ ராஜகோபாலுக்கு 1956-ல் வந்த ஒரு படத்தின் பெயர் ஆயுசுக்கும் ஒட்டிக்கொண்டது. ‘கள்ளபார்ட்’ நடராஜன் பெயரில் இருக்கும் கள்ளபார்ட் எங்கள் மேடை வேஷத்தின் பெயர். 

விஸ்வநாத தாஸ் கதையை மட்டும் அம்மா அடிக்கடி சொல்வார், பெரும்பாலும் முருகன் ஏறும் மயில் வாகனத்தை மேடைக்குத் தூக்கி வரும் நேரத்தில். சிவகாசியில் பிறந்தவர். முருகன் வேஷத்தில் நின்றுகொண்டே வெள்ளைக்காரனை விரட்டுகிற பாட்டுப் பாடி அடிக்கடி சிறைக்குப் போனவர். அவருடைய சாதியைச் சொல்லி ஜோடி சேர மறுத்த ஸ்திரீபார்ட்டுகள் இருந்தார்கள். சாதியை ஏன் இழுக்கிறாய் என்று யாரும் வர வேண்டாம், நடந்ததைத்தான் சொல்கிறேன். 1940 டிசம்பர் 31, சென்னை ராயல் தியேட்டர். முருகன் வேஷத்தில், மயில்மேல் உட்கார்ந்தபடியே உயிர் போனது. “மயில்ல ஏறும்போது அவரைக் கும்பிட்டு ஏறுங்க” என்று அம்மா புது முருகன்களிடம் சொல்வார். பாதிப் பேர் யாரென்றே கேட்காமல் கும்பிடுவார்கள்.

சரி, அம்மா ஒரே ஒரு படத்தில் வந்தார். 1997 ஐப்பசி, நாடகம் இல்லாத மாதம். கிராமத்துத் திருவிழாவில் நாடகம் நடக்கிற மாதிரி ஒரு காட்சி, எங்கள் ஆட்கள் பன்னிரண்டு பேரை வேனில் கூட்டிப்போனார்கள். நானும் போனேன். அம்மா வள்ளி. பாடச் சொன்னார்கள். ஐந்தரைக் கட்டையில், அவ்வளவு உச்ச சுருதியில் எடுத்தார், லைட் பிடிப்பவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு உதவி இயக்குநர் ஒரு பையன் வந்து, “கண்ண இவ்ளோ உருட்டாதீங்கம்மா, ஓவரா இருக்கு, நார்மலா பண்ணுங்க” என்றான்.

அந்தப் பையன்மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை, அவன் கேமராவுக்குச் சொன்னான். ஆனால் ஓவர் என்கிறீர்களே, அந்தக் கண் யாருக்காக உருண்டது? கடைசியில், புளியமரத்தடியில், துண்டை விரித்து உட்கார்ந்திருக்கும் கிழவனுக்கு. மேலே தொங்கும் ஒரே மைக்கில் நாலு பேர் பேச வேண்டும், ஆர்மோனியத்தையும் தாண்டி. ஏழு மணி நேரம். அவனுக்கும் அழுகை தெரிய வேண்டுமே.

படம் வந்தது. அம்மாவின் குரலுக்குப் பதில் வேறு யாரோ பாடியிருந்தார்கள். திரையில் நாற்பது விநாடி அம்மாவின் முதுகு. முதுகுக்கு அந்தப் பக்கம் கூட்டத்தில் நாயகனும் நாயகியும் கண்ணால் பேசிக்கொள்கிறார்கள். பெயர்ப் பட்டியலில் பெயர் இல்லை.

இதற்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இத்தனை எழுதியாயிற்று. வாடகை வீடு. நாடகக்காரி என்று தெரிந்தால் வீடு கிடையாது. காலை ஆறு மணிக்கு முகத்தில் மை கலைந்து ஒரு பெண் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தால் தெருவுக்கே வேலை நின்றுவிடும். நாங்கள் ஏழு வீடு மாறினோம். அதில் ஒரு வீட்டுக்காரர் ஊர்த் திருவிழாவில் முன்வரிசையில் உட்கார்ந்து அம்மா பாட்டுக்கு ஐம்பது ரூபாய் அன்பளிப்புக் கொடுத்தவர். அதே வாரம் காலி பண்ணச் சொன்னார். எல்லா வீட்டுக்காரர்களும் இப்படி என்று சொல்லவில்லை, ஆறாவது வீட்டுப் பாட்டி தங்கம்.

கடைசியாக, நலிந்த கலைஞர்களுக்கு அரசு மாதம் 3,000 ரூபாய் கொடுக்கிறது என்று கேள்விப்பட்டு அம்மாவுக்காக விண்ணப்பம் எழுதிக் கொண்டுபோனேன். நாடக நோட்டீஸ் ஆதாரமாக வேண்டும் என்றார்கள். இருபத்தொன்பது வருட நோட்டீஸில் பாதி, வீடு மாறும்போது பாத்திரம் சுற்றப் போய்விட்டது, மீதி கரையான். கையிலிருந்த ஐந்தாறைக் காட்டினேன். அங்கே இருந்தவர் புரட்டிப் பார்த்துவிட்டு, நல்ல மனதோடுதான், “சினிமா எதுலயாவது நடிச்சிருக்காங்களா? அது இருந்தா ஈஸியா இருக்கும்” என்று கேட்டார். நான் அந்த முதுகை நினைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பிறகு சங்கத்தில் கடிதம் வாங்கிக் கொடுத்தேன், அலைந்துகொண்டிருக்கிறேன்.

திருத்தம்: அந்தப் படத்தின் பெயரைச் சொல்லாமல் கதை விடுவதாக ஒருவர் கீழே எழுதியிருக்கிறார். அம்மாவிடம் கேட்டேன், சொல்லட்டுமா என்று. கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். “அதப் போயி எதுக்குச் சொல்ற? கேட்டா மேலூர்ல நீ தூங்குனதச் சொல்லு” என்றார். அதை ஏற்கெனவே எழுதிவிட்டேன்.