'சிவப்புத் திருமணம்' ரசிகர்களை ஏன் அவ்வளவு உலுக்கியது?

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொலைக்காட்சித் தொடரில், 'சிவப்புத் திருமணம்' (Red Wedding) எனப்படும் திருமண விருந்துக் காட்சியில் கற்பனை மாந்தர்கள் இறந்ததற்கு ரசிகர்கள் ஏன் கதறி அழுதார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

2011இல், முதல் பருவத்திலேயே நெட் ஸ்டார்க்கின் தலை வெட்டப்பட்டது. நாயகனும் தப்பமாட்டான் என்று அப்போதே தெரிந்துவிட்டாலும், மகன் ராப் தந்தைக்காகப் பழிவாங்குவான் என்ற நம்பிக்கையை ரசிகர்கள் விடாமல் பற்றியிருந்தார்கள். 2013 ஜூன் 2 அன்று ஒளிபரப்பான அந்தத் திருமண விருந்து அத்தியாயத்தில், ராப், அவனுடைய கர்ப்பிணி மனைவி, தாய் கேட்லின் ஆகிய மூவரும், ரொட்டியும் உப்பும் தந்து வரவேற்றவனின் வீட்டிலேயே கொல்லப்பட்டபோது, அந்த நம்பிக்கையோடு விருந்தறமும் சேர்ந்து செத்தது.

அதிர்ச்சியை விட, அதற்கு முந்தைய நிமிடங்கள்தான் கொடுமையானவை என்பது என் கருத்து. கதவு சாத்தப்படுகிறது, இசைக்கலைஞர்கள் பாட்டை மாற்றுகிறார்கள், அருகில் அமர்ந்திருக்கும், ராபின் அணியைச் சேர்ந்த பிரபுவான ரூஸ் போல்டனின் சட்டைக் கையைக் கேட்லின் விலக்கிப் பார்க்க, உள்ளே இரும்பு வளையக் கவசம் தெரிகிறது. அவளுக்குப் புரிந்த கணத்தில் நமக்கும் புரிகிறது, ஆனால் எச்சரிக்க வழியில்லை. இறுதியில் பெயர்ப் பட்டியல்கூட இசையின்றி ஓடியது.

2000இல் வெளியான மூல நாவலை முன்பே படித்திருந்தவர்கள், இதைப் பார்க்கும் நண்பர்களின் முகங்களைப் படம்பிடித்து யூடியூபில் ஏற்றினார்கள். வாயைப் பொத்தியபடி உறைந்திருக்கும் அந்த முகங்களில் நான் கண்டது உண்மையான துக்கமே.