பில்லில் வந்த டிப்ஸில் தோசை மாஸ்டருக்குப் பங்கு உண்டா?

கேள்வி: லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு தமிழ் உணவகத்தில் தோசை மாஸ்டராக வேலை பார்க்கிறேன். பில்லில் 12.5 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் சேர்க்கிறார்கள். முதலாளி அதில் 3 சதவீதத்தைக் கார்டு மெஷின் செலவு என்று கழித்துக்கொண்டு, மீதியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்வர்களுக்கும் கல்லாவில் இருக்கும் தன் மைத்துனர் மகனுக்கும் பிரிக்கிறார். கிச்சனில் இருக்கும் எங்களுக்கு ஒரு பென்னி இல்லை. கேட்டால், "உங்க சம்பளத்திலேயே எல்லாம் அடக்கம்" என்கிறார். நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்: உங்களுக்கு உதவும் சட்டம் டிப்ஸ் ஒதுக்கீட்டுச் சட்டம், 2023. இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்தில் 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. கார்டில் வந்த டிப்ஸ், பில்லில் சேர்த்த சர்வீஸ் சார்ஜ், முதலாளி வாங்கிப் பிரிக்கும் ரொக்க உண்டியல் எல்லாம் இதற்குள் வரும். வாடிக்கையாளர் சர்வரின் கையில் கொடுத்து, முதலாளி தலையிடாமல் அவரே வைத்துக்கொள்ளும் ரொக்கம் மட்டும் வராது.

உங்கள் புகாரில் நான்கு விஷயங்கள் இருக்கின்றன. நான்குக்கும் ஒரே பலம் கிடையாது.

மிகத் தெளிவானது அந்த 3 சதவீதம். வருமான வரி போன்ற சட்டப்படியான பிடித்தத்தைத் தவிர டிப்ஸில் எதையும் கழிக்கக் கூடாது. கார்டு மெஷின் கட்டணம், உடைந்த தட்டு, கல்லாவில் குறைந்த பணம் எல்லாம் முதலாளியின் வியாபாரச் செலவு.

அடுத்தது தாமதம். வாடிக்கையாளர் பணம் கொடுத்த மாதத்துக்கு அடுத்த மாத முடிவுக்குள் அது தொழிலாளி கைக்கு வர வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரை வந்ததை ஏப்ரல் 30 அன்று பிரித்தால், மார்ச் பணம் மட்டுமே கெடுவுக்குள் வந்ததாகும். ஜனவரி பணத்தைப் பிப்ரவரி முடிவுக்குள் கொடுத்திருக்க வேண்டும்.

"சம்பளத்திலேயே அடக்கம்" என்பதும் நிற்காது. 2009 அக்டோபர் 1 முதல் டிப்ஸைக் குறைந்தபட்ச ஊதியக் கணக்கில் சேர்க்க முடியாது. சம்பளச் சீட்டில் டிப்ஸ் தனி வரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் உங்கள் மணிக்கூலி குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே போனால், அது தனிப் புகார்.

கிச்சனுக்குப் பங்கு இல்லை என்ற நான்காவது விஷயத்தில்தான் கவனம் வேண்டும். ஆளுக்குச் சமமாகப் பிரிக்கச் சட்டம் சொல்லவில்லை. நியாயமாகப் பிரிக்கச் சொல்கிறது. வேலையின் தன்மை, பொறுப்பு, அடிப்படைச் சம்பளம், சேவைக் காலம், வாடிக்கையாளரின் எண்ணம் முதலியவற்றைப் பார்க்கலாம் என்கிறது அரசின் நடைமுறைக் கோவை. ஆகவே சர்வரை விட உங்களுக்குக் குறைவு என்பது மட்டும் குற்றமாகாது. அடியோடு ஒன்றுமில்லை என்பதற்கு ஒரு நல்ல காரணம் சொல்வது கடினம். வாடிக்கையாளர் தோசையைச் சாப்பிட்டுவிட்டுத்தானே கொடுத்தார்!

நியாயமான ஒரு கணக்கு இப்படி இருக்கலாம். வாரத்தில் சேர்ந்தது 720 பவுண்டு. வேலை பார்த்த மணிநேரத்தைப் புள்ளியால் பெருக்குங்கள்: சர்வருக்கு 1, மாஸ்டருக்கு 0.8, பாத்திரம் கழுவுபவருக்கு 0.6. 30 மணிநேரம் வீதம் மூன்று சர்வர்கள் 90, 45 மணிநேரம் வீதம் இரண்டு மாஸ்டர்கள் 72, 30 மணிநேரம் பாத்திரம் கழுவியவர் 18, மொத்தம் 180. ஒரு புள்ளிக்கு 4 பவுண்டு. சர்வருக்கு 120, மாஸ்டருக்கு 144, பாத்திரம் கழுவியவருக்கு 72. புள்ளிகள் எவ்வளவு என்று வாதாடலாம். முன்கூட்டியே எழுதி எல்லோருக்கும் காட்டியிருக்க வேண்டும் என்பதில் வாதமில்லை. வழக்கமாக டிப்ஸ் வரும் இடத்தில் எழுத்து வடிவக் கொள்கை கட்டாயம்.

மைத்துனர் மகன் சம்பளப் பட்டியலில் இருந்து உண்மையாகவே கல்லாவில் வேலை பார்த்தால் அவருக்கும் பங்கு உண்டு. உறவு என்பதற்காகக் கூடுதலாகப் போனால்தான் கேள்வி. அந்தக் கேள்வியை முதல் கடிதத்தில் எழுப்பாதீர்கள். குடும்பச் சண்டையாக மாறிவிடும், கணக்கு மறைந்துவிடும்.

முதல் கடிதத்தில் இரண்டு மட்டும் கேளுங்கள். ஒன்று, டிப்ஸ் கொள்கையின் நகல். இரண்டு, "நான் சேர்ந்த நாளிலிருந்து இன்றுவரை இந்தக் கடையில் வந்த டிப்ஸ் மொத்தம் எவ்வளவு, அதில் எனக்கு ஒதுக்கியது எவ்வளவு" என்ற பதிவு. நீங்கள் 2024 அக்டோபருக்கு முன்பே சேர்ந்திருந்தால் அந்த மாதத்திலிருந்து கேளுங்கள். முதலாளி பதிவை 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். 4 வாரத்துக்குள் தர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் கேட்க முடியும் என்பதால் காலம் முழுவதையும் ஒரே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். அடுத்தவர் பங்கு இதில் தெரியாது. அதற்காகவே, பாத்திரம் கழுவுபவரும் பரோட்டா மாஸ்டரும் தனித்தனியாகக் கடிதம் கொடுப்பது நல்லது: மூன்று பதிலிலும் உங்கள் மூவருக்கும் பூஜ்யம் என்று எழுத்தில் வந்துவிடும். வாட்ஸ்அப்பில் கேட்டால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். மின்னஞ்சல் இன்னும் நல்லது. இதற்கிடையில் நீங்கள் பார்த்த மணிநேரத்தை நாள்தோறும் குறித்து வாருங்கள்.

பதில் திருப்தி தராவிட்டால், முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையே சமரசம் செய்துவைக்கும் ஏகாஸ் (Acas) அமைப்பில் சமரச முயற்சியைப் பதிவு செய்யுங்கள். அதைக் கடக்காமல் தொழில் தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது. இரண்டுக்கும் கட்டணம் இல்லை. நியாயமற்ற ஒதுக்கீடு, தாமதம் பற்றிய வழக்குக்கு 12 மாத அவகாசம் உண்டு. கொள்கையோ பதிவோ தராதது பற்றிய புகாருக்கு அவகாசம் அதைவிடக் குறைவு, அதனால் 4 வாரம் முடிந்ததும் காத்திருக்க வேண்டாம். தீர்ப்பாயம் பங்கீட்டை மாற்றச் சொல்லலாம், விடுபட்டதைக் கொடுக்க உத்தரவிடலாம், அதனால் உங்களுக்கு ஏற்பட்ட பண இழப்புக்கு 5,000 பவுண்டு வரை ஈடும் தரலாம்.

கேட்டதற்காக வேலையை விட்டு அனுப்பினால் அது தனி வழக்கு. அதற்கு இத்தனை ஆண்டு வேலை பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. கடிதம் கொடுத்த தேதி தெரியும்படி ஒரு நகலை வீட்டில் வையுங்கள்.