350 ரூபாய் ஹெல்மெட் போதுமா?

கேள்வி: மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். தினமும் காவேரிப்பட்டணத்திலிருந்து கிருஷ்ணகிரிக்கு டியூஷன். என் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வருவான். பைபாஸ் ஓரம் 350 ரூபாய்க்கு ஹெல்மெட் விற்கிறார்கள். கடையில் 1,100 சொல்கிறார்கள். தட்டிப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி கெட்டியாக இருக்கின்றன. நான் 40-ஐத் தாண்டுவதும் இல்லை. விலை குறைந்ததை வாங்கினால் போதாதா?

பதில்: போதாது. நீங்கள் தட்டிப் பார்த்தது வெளி ஓட்டைத்தான். உயிரைக் காப்பது உள்ளே இருக்கும் தெர்மாகோல். உங்கள் மகனின் அறிவியல் புத்தகத்தில் முதல் பாடமே ‘இயக்க விதிகள்’தான். கீழே உள்ள கணக்கை அவனையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

வண்டி ஓடக்கூட வேண்டாம், நின்ற இடத்தில் சாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1.25 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தலை, தரையைத் தொடும்போது நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் இருக்கும். அதாவது மணிக்கு 18 கி.மீ. தலையின் நிறை சுமார் 5 கிலோ. ஆக உந்தம் (நிறை × வேகம்) 5 × 5 = 25. இந்த 25 முழுவதும் சுழியாகியே தீரும். எவ்வளவு நேரத்தில் ஆகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

தெர்மாகோல் 2.5 செ.மீ. நசுங்கி இடம் கொடுத்தால் தலை நிற்க 0.01 நொடி ஆகும். சராசரி விசை 25 ÷ 0.01 = 2,500 நியூட்டன். உள்ளே வெறும் ஸ்பாஞ்ச் என்றால், அது உந்தத்தை வாங்காமலே சப்பையாகிவிடும். தலை போய் ஓட்டில் இடிக்கும். 2.5 மி.மீ. தூரத்தில் நின்றால் நேரம் 0.001 நொடி, விசை 25,000 நியூட்டன். அதே தலை, அதே உயரம், அடி மட்டும் பத்து மடங்கு. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் தலை நேராகத் தடுப்புச் சுவரில் மோதினால் உந்தமே இதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். தொப்பூர் இறக்கத்தில் போகிறவர்கள் எந்த வேகத்தில் போகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

வாங்கும்போது உள்துணியின் ஓரத்தை விலக்கிப் பாருங்கள். உச்சி, நெற்றி, பின்மண்டை மூன்று இடத்திலும் விரல் பருமனுக்குக் குறையாமல் தெர்மாகோல் இருக்க வேண்டும். கட்டைவிரலால் அழுத்தினால் உதிரக் கூடாது. பிறகு ஐ.எஸ்.ஐ. முத்திரை: மேலே ‘ஐ.எஸ். 4151’ என்ற எண், கீழே ‘சி.எம்./எல்.’ என்று தொடங்கும் உரிம எண். ஸ்டிக்கரை யாரும் அச்சடித்துவிடலாம். அதனால் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த உரிம எண்ணைப் போட்டு, ஹெல்மெட்டில் உள்ள நிறுவனத்தின் பெயரே வருகிறதா, உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். 2021 ஜூன் 1 முதல் இந்த முத்திரை இல்லாத பைக் ஹெல்மெட்டை விற்பதே சட்டப்படி குற்றம்.

அளவும் முக்கியம். புருவத்துக்குச் சற்று மேலே தலையைச் சுற்றி டேப்பால் அளந்து அந்த அளவையே கேளுங்கள். வாரை மாட்டாமல் போட்டால் விழும்போது தலை ஒரு பக்கம், ஹெல்மெட் ஒரு பக்கம் போகும். ஓடும் பொருள் ஓடிக்கொண்டே இருக்கப் பார்க்கும் நிலைமம் யாருக்காகவும் விட்டுக்கொடுக்காது. வார் மாட்டியபின் தாடைக்கும் வாருக்கும் இடையே இரண்டு விரல் நுழைந்தால் சரி.

கேள்வி: போன மாதம் பாலக்கோடு அருகே வண்டி சறுக்கி விழுந்தேன். ஹெல்மெட் தரையில் இடித்தது. வெளியே ஒரு கீறல்தான். அதையே தொடர்ந்து போடலாமா?

பதில்: வேண்டாம், மாற்றிவிடுங்கள். தெர்மாகோல் ஒரே ஒரு முறை வேலை செய்யும் பொருள். ரப்பர் போலத் திரும்ப எழும்பினால் தலையை எதிர்ப்பக்கம் தள்ளி உந்த மாற்றத்தைக் கூட்டிவிடும். அதனால்தான் நசுங்கி அப்படியே நிற்கும் பொருளை வைக்கிறார்கள். நசுங்கிய இடத்தில் அடுத்த முறை நசுங்க ஒன்றும் மிச்சமில்லை. வெளி ஓடு பழையபடி நிமிர்ந்துவிடும் என்பதால் பார்வைக்குத் தெரியாது. இன்னொன்று: கறை போக பெட்ரோல், தின்னர் தொட்டுத் துடைக்காதீர்கள். தெர்மாகோல் அதில் கரையும். சோப்புத் தண்ணீர் போதும்.

கேள்வி: முத்திரை போலி என்று வாங்கியபின் தெரிந்தது. கடைக்காரர் திரும்ப வாங்க மறுக்கிறார்.

பதில்: பில், ஹெல்மெட், முத்திரையின் படம் மூன்றையும் பத்திரமாக வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். பி.ஐ.எஸ். கேர் செயலியிலும் தனியாகப் புகார் கொடுக்கலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது; 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை.