நாக் பைல் வேலை பார்த்தால் போஸ்ட் கிடைக்குமா?

கேள்வி: பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரி ஒன்றில் ஐந்து வருடமாக வரலாற்றுத் துறை கௌரவ விரிவுரையாளர் நான். எம்.ஃபில். முடித்திருக்கிறேன், பி.எச்டி. பாதியில் நிற்கிறது. கல்லூரியின் தரத்தை மதிப்பிட்டுச் சான்று தரும் 'நாக்' அமைப்புக்கான வேலை முழுக்க என் தலையில்தான். போன வாரம் ராத்திரி ஒன்பது மணி வரை உட்கார்ந்து பழைய கருத்தரங்கின் ஜியோடேக் (எடுத்த இடம் பதிவான) படங்களை பைலில் ஒட்டினேன். "செய்யும்மா, போஸ்ட் வந்தா உனக்குத்தான்" என்கிறார் துறைத்தலைவர். வீட்டிலோ பி.எட். படிக்கச் சொல்கிறார்கள். என்ன செய்யட்டும்?

பதில்: அந்த ஒன்பது மணியைப் படித்ததும் மனசு கனத்துவிட்டது, தோழி.

துறைத்தலைவர் நல்ல எண்ணத்தில்கூடச் சொல்லியிருக்கலாம். ஆனால் போஸ்ட் கொடுப்பது அவர் கையில் இல்லையே. நிரந்தரப் பணியிடம் என்றால் விளம்பரம் வரவேண்டும், தேர்வு நடக்கவேண்டும், தகுதி பார்ப்பார்கள். எத்தனை பைல் தயார் செய்தீர்கள் என்று அங்கே யாரும் கேட்கப்போவதில்லை, விரிவுரையாளர் தகுதித் தேர்வுகளான நெட் (தேசிய அளவு) இருக்கிறதா, செட் (மாநில அளவு) இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள். பி.எச்டி. நிற்கிறதே என்று கலங்கவும் வேண்டாம். உதவிப் பேராசிரியர் நேரடி நியமனத்துக்கு பி.எச்டி. கட்டாயமில்லை என்று 2023 ஜூலையிலேயே யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) திருத்தம் கொண்டுவந்துவிட்டது. நெட் தகுதிக்கு வயது வரம்பு கிடையாது, தப்பான விடைக்கு மார்க் குறைப்பதும் கிடையாது. முதல் தாள் 50 கேள்வி, 100 மார்க். எல்லாப் பாடத்துக்கும் பொதுவான அந்தத் தாளில்தான் நம் ஆட்கள் நிறையப் பேர் கோட்டைவிடுகிறார்கள், பாடத்தை மட்டும் புரட்டிவிட்டுப் போவதால். தினமும் ஒரு மணி நேரம் அதற்கு ஒதுக்குங்கள்.

இன்னொன்று, இது வலிக்கும். தற்காலிகப் பணிக்காலம் பின்னாளில் பதவி உயர்வுக்குக் கணக்கில் வரவேண்டுமானால், நிரந்தர உதவிப் பேராசிரியரின் மாதச் சம்பளத்துக்குக் குறையாமல் வாங்கியிருக்கவேண்டும் என்று யுஜிசியின் 2018 விதிமுறை நிபந்தனை போடுகிறது. கௌரவ விரிவுரையாளருக்கு அந்தச் சம்பளம் எங்கே வருகிறது? நீங்கள் உழைத்த ஐந்து வருடம் ஏட்டில் ஏறாமலே போகலாம். எனக்கு இது பெரிய அநியாயமாகத்தான் படுகிறது. அதற்காகக் காகிதத்தை விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு வருடத்துப் பணி ஆணை, வங்கிக் கணக்கில் சம்பளம் ஏறிய பக்கம், முதல்வர் கையெழுத்திட்ட அனுபவச் சான்று, எல்லாம் வேண்டும். நான் வேலை பார்த்த கல்லூரியில் ஒரு தோழர், முதல்வர் மாறியபிறகு பழைய சான்றுக்காக எட்டு மாதம் அலைந்தார்.

சரி, நாக் வேலை? முழுசாக மறுத்தால் அடுத்த வருடம் ஆணை வருமா என்ற பயம் உங்களுக்கு இருக்கும், அது நியாயமான பயம்தான். அதனால் நாக் மதிப்பீட்டுப் பகுதிகளில் (கிரைட்டீரியா) ஒரே ஒன்றை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். "ஐயா, டிசம்பர் நெட் எழுதுறேன், அஞ்சு மணிக்கு மேல இருக்க முடியாது" என்று நேரில் சொல்லுங்கள். கூடவே, அந்தப் பொறுப்பை உங்கள் பெயரில் ஒரு சுற்றறிக்கையாகக் கேளுங்கள்.

பி.எட். இரண்டு வருடப் படிப்பு. பள்ளியில் பாடம் நடத்த உங்களுக்கே ஆசை இருந்தால் தாராளமாகப் போங்கள். வீட்டாருக்காக என்றால், இரண்டு முறை நெட் எழுதிப் பார்க்கிறேன் என்று அவர்களிடம் ஒரு வருடம் கேளுங்கள்.