கோ ஆட்டமும் மெசினும்: கேளுங்க, தெரிஞ்சதச் சொல்றன்

நான் மட்டக்களப்பில உயர்தரத்துக்கு ஐசிடி படிப்பிக்கிறவன், பொழுதுபட்டா ஒன்லைன்ல கோ விளையாடுறவன். கோ ஆட்டத்தில கம்பியூட்டர் மனிசர வென்ட கதையப் பத்தி என்னவும் கேளுங்க. பாஸ் பேப்பர் விடை, லெப்டொப் விலை இஞ்ச வேணாம்.

செங்கலடியில இருந்து: சேர், எனக்கு செஸ் மட்டும்தான் தெரியும். கோ எப்பிடி விளையாடுறது? போர்ட் எங்க வாங்கலாம்?

மகள், இதில பெட்டிக்குள்ள வைக்கிறதில்ல, கோடும் கோடும் சந்திக்கிற முனையில கல்லு வைக்கிறது. 19க்கு 19 கோடு, 361 முனை. கறுப்பு முதல், மறுகா வெள்ளை. வச்ச கல்லு நகராது. ஒரு கல்ல ஒட்டியிரிக்கிற வெறும் முனை எல்லாத்தையும் மற்ற ஆள் அடைச்சிட்டா அந்தக் கல்லு வெளிய. கடைசியில ஆர் கூட இடம் வளைச்சிரிக்காங்களோ அவங்க வெற்றி. கறுப்பு முந்துறதால வெள்ளைக்கு ஆறரை இல்லாட்டி ஏழரைப் புள்ளி சும்மா குடுக்கிறது. போர்ட் இஞ்ச ஒரு கடையிலயும் நான் கண்டதில்ல. பிளைவுட் துண்டில 9க்கு 9 கோடு கீறுங்க, கறுப்புக்குப் புளியங்கொட்டை, வெள்ளைக்கு சேட் பட்டன். என்ட வகுப்புப் பொடியன்கள் அப்பிடித்தான் விளையாடுறானுகள், புளியங்கொட்டை கோட்ட உட்டு வழுக்கிப் போய் சண்டை வாறது வேற கதை.

ஏறாவூரில இருந்து: செஸ்ல 1997லேயே டீப் புளூ என்ட கம்பியூட்டர் உலக சாம்பியன் கஸ்பரோவ வென்டிட்டு. கோவுக்கு ஏன் சேர் இன்னும் 19 வருசம் எடுத்த?

தம்பி, இதுக்குத்தான் நான் வந்து குந்தியிரிக்கன். செஸ்ல ஒரு தரம் சராசரியா 35 நகர்வு, கோவில 250 கிட்ட, அதால கஷ்டம் என்டு எல்லாரும் ஒப்பிக்கிறது. அது பாதிதான். மெயின் பிரச்சினை என்னென்டா, ஆர் முன்னுக்கு நிக்கிறாங்க என்டு எண்ணிப் பாக்க மெசினுக்கு ஒண்டும் இல்ல. செஸ்ல காய் காயாப் பெறுமதி போட்டுக் கூட்டிக் கழிக்கலாம், ராணி போனா போனதுதான். இதில எல்லாக் கல்லும் ஒரே விலை, மூலையில கிடக்கிற நாலு கல்லு உசிரோட இரிக்கா செத்திட்டா என்டுறதே சில நேரம் அம்பது நகர்வு கழிச்சுத்தான் தெரியும், அத விதி விதியா எழுதிப் பாக்க ஆக்கள் வருசக்கணக்கா முட்டி மோதினாங்க. 1998ல மார்ட்டின் முல்லர் என்டவர் அந்தக் காலத்து நல்ல புரோகிராம் ஒண்ட 29 கல்லு முன்னுக்கே வைக்க உட்டும் வென்டவர். அவ்வளவு மோசம்.

2006ல ரெமி கூலோம் ஆக்கள் வேற வழி பிடிச்சாங்க. எண்ண ஏலாட்டி எண்ணாத, கேம் முடியுமட்டும் கண்ட கண்ட மாதிரி ஆயிரக்கணக்கில விளையாடிப் பாரு, எந்த நகர்வில கூட வெல்லுதோ அதத் தோண்டு. இதுதான் மொண்டி கார்லோ தேடல். விசர்த்தனமாக் கிடக்கும், ஆனா வேலை செஞ்சிது. 2008ல மோகோ என்ட புரோகிராம் 9 கல்லு சலுகை வாங்கி எட்டு டான் தரத்தில இரிக்கிற ஒரு புரோவ (தொழில்முறை ஆட்டக்காரர) வென்டது, 2012ல ஸென் என்ட புரோகிராம் 4 கல்லோட ஜப்பான் புரோ டாகெமியாவ வென்டது, 2013ல கிரேஸி ஸ்டோன் என்ட புரோகிராம் அதே 4 கல்லோட இன்னொரு ஜப்பான் புரோ இஷிடாவ. அந்த 4 கல்லு இறங்கத்தான் மாட்டன் என்டிட்டு.

கூகுள்ட டீப்மைன்ட் கம்பனி ஆக்கள் அந்தத் தேடலோட ரெண்டு நியூரல் நெட்வேர்க்க, அதாவது உதாரணம் பாத்துப் பழகிற புரோகிராம, பூட்டி ஆல்ஃபாகோவச் செஞ்சாங்க. ஒண்டு, பலமான மனிசர் விளையாடின கேம்களில 3 கோடி நிலை வரைக்கும் பாத்து, 'இந்த இடத்தில ஆள் எங்க வைப்பான்' என்டு ஊகிக்கும். மற்றது போர்டப் பாத்து வெல்ல எவ்வளவு சான்ஸ் என்டு ஒரு நம்பர் சொல்லும். இவ்வளவு காலமும் எண்ண ஏலாமக் கிடந்த நம்பர் அதுதான். 2015 ஒக்டோபர்ல ஆல்ஃபாகோ ஐரோப்பிய சாம்பியன் ஃபான் ஹுய்ய 5-0 என்டு வென்டது, சலுகை ஒரு கல்லும் இல்லாம. 2016 மார்ச்சில சியோல்ல கொரியாட பெரிய புரோ லீ செடால 4-1.

வாழைச்சேனையில இருந்து: சட்ஜிபிடி கோ விளையாடுமா?

அது கதைக்கிற சாமான். விளையாட வேற புரோகிராம் இரிக்கு.

களுவாஞ்சிக்குடியில இருந்து: 37ஆவது நகர்வு 37ஆவது நகர்வு என்டு சொல்றாங்களே, அதில அப்பிடி என்ன இரிந்த?

லீயோட ரெண்டாவது கேம், ஆல்ஃபாகோ கறுப்பு. போர்ட்டுக்கு வலது பக்கம், வெள்ளைக் கல்லுக்குத் தோள்ல சாஞ்ச மாதிரி, ஓரத்தில இருந்து ஐஞ்சாவது கோட்டில ஒரு கல்லு. பழகிற காலத்தில எங்களுக்குச் சொல்லித் தாறது மூணாம் கோடு இடத்துக்கு, நாலாம் கோடு நடுவுக்கு. ஐஞ்சில போய் அமுக்கினா எதிராளிக்கு நாலாம் கோட்டோட பக்கத்தையே தூக்கிக் குடுத்த மாதிரி, ஆரும் படிப்பிக்க மாட்டாங்க. ஒரு மனிசன் அதில வைக்க 10,000ல ஒரு சான்ஸ் என்டு ஆல்ஃபாகோட முதல் நெட்வேர்க்கே சொல்லியிரிக்கு, தேடிப் பாத்திட்டு அதையும் மீறி வச்சது. லீ அந்த நேரம் சிகரெட் பத்த வெளிய போயிருந்தவர், திரும்பி வந்து போர்டப் பாத்திட்டு பதில் வைக்க 12 நிமிசத்துக்கு மேல எடுத்தவர். பின்னால நடுப்பக்கச் சண்டையில அந்தக் கல்லு உதவிச்சு பாருங்க, அதுதான் வடிவு.

கல்முனையில இருந்து: சேர், 4-1 என்டு பெரிசாச் சொல்றீங்க, அந்த 1 என்ன? நாலாவது கேம்ல லீ வச்ச 78ஆவது கல்ல கடவுள் கை என்டாங்களே. மனிசன்ட மூளைய மெசினால மேவ ஏலாது என்டுறதுக்கு அது காணாதா?

காக்கா, நடுவில கறுப்புக்கு ரெண்டு பக்கமும் கல்லு, அந்த இடுக்கில லீ வெள்ளைய இறுக்கினார். ஆல்ஃபாகோ எதிர்பாக்கவே இல்ல. 79ஆவது நகர்வில பிழையான பதில், ஆனா பிழை என்டு 87ஆவது நகர்வு மட்டில வந்துதான் அதுக்கே விளங்கினது என்டு டீப்மைன்ட் தலைவர் ஹசாபிஸ் அண்டைக்கே சொன்னவர். அதுவரைக்கும் தான் வெல்றன் என்டே கணக்குப் போட்டுக்கிட்டு இரிந்திருக்கு. மறுகா கண்ட கண்ட இடத்தில கல்லு வச்சு, 180 நகர்வோட கைவிட்டிட்டு. இவ்வளவும் உண்மை. ஆனா இப்பத்தய எஞ்சின்ல (கோ விளையாடுற புரோகிராம்ல) அதே நிலையப் போட்டுப் பாருங்க, கறுப்பு சரியாப் பதில் வச்சா 78 வேலை செய்யாது.

கல்முனை: அப்ப லீ ஏமாத்தினார் என்டா சொல்றீங்க?

இல்ல காக்கா. எதிராளிக்குத் தெரியாத இடத்தத் தேடிப் பிடிக்கிறதும் விளையாட்டுத்தான். ஒரு கேம்ல அத வச்சு மூளைய மேவ ஏலாது என்டு முடிவு கட்டாதீங்க என்டுதான் சொல்றன். 2016 கடைசியில மாஸ்டர் என்ட பேரில அது ஒன்லைன்ல வந்து பெரிய புரோக்களோட 60 கேம், ஒண்டும் தோக்கல. 2017 மே மாசம் சீனாட முன்னணிப் புரோ கே ஜியே 3-0.

ஆரையம்பதியில இருந்து: அண்ண, 2023ல ஒரு அமெச்சூர் பொடியன் காட்டாகோ என்ட கோ எஞ்சின 15ல 14 தரம் வென்டவன் எலுவா? கல்முனை காக்கா சொல்றது சரிதானே?

கல்முனை: பாத்தீங்களா!

ரெண்டு பேரும் பொறுங்க. கெலின் பெல்ரின் என்ட அமெரிக்க அமெச்சூர், விளையாடக்குள்ள கம்பியூட்டர் உதவி இல்லாம 15ல 14 வென்டவர், சரி. ஆனா அந்த வழியக் கண்டுபிடிச்சது அவரில்ல. காட்டாகோட ஓட்டையத் தேடவே ஒரு புரோகிராமப் பழக்கி, அதோட திரும்பத் திரும்ப மோத உட்டு எடுத்தது. வழி இதுதான்: நீங்க உள்ளுக்க சின்னதா ஒரு கூட்டம் கட்டுறீங்க, காட்டாகோ அதச் சுத்தி வளைக்குது, வளைச்ச கல்லெல்லாம் சேர்ந்து ஒரு வட்டமா மூடுது. நீங்க வெளிப்பக்கத்தால அந்த வட்டத்த அவசரப்படாம அடைக்கிறீங்க, இடையில வேற மூலையில வச்சுப் போக்குக் காட்டுறீங்க. வட்டம் சாகப் போகுது என்டு அதுக்குத் தெரியிறதே இல்ல, தெரியக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும். என்ட வகுப்பில ஆறு மாசம் பழகின புள்ளைக்குக் கூட கல்ல எண்ணிப் பாத்துச் சொல்ல ஏலும்.

இன்னொரு விசயம், அந்த ஓட்டை தேடின புரோகிராம் காட்டாகோவ வெல்லும், சாதாரண அமெச்சூரிட்டத் தோக்கும். அந்த அமெச்சூர் காட்டாகோட்டத் தோப்பான். இப்ப ஆர் பெரியாள்?

கல்முனை: ஆக மெசினத் தோக்கடிச்சதும் மெசின்தான், மனிசன் இல்ல என்டுறீங்க.

நான் சொல்றது அதில்ல. உலகத்தில ஆரையும் வெல்ற ஒண்டு, சின்னப் புள்ளைக்கு விளங்கிறது விளங்காம இரிக்கலாம். வெல்றத வச்சு அதுக்கு எல்லாம் விளங்குது என்டு நாங்களா நினைச்சிட்டம். காட்டாகோவ மறுகா இந்த வட்டத்தக் காட்டிப் பழக்கினாங்க, அதுக்குப் பிறகும் புதுப் புது விதமா மாட்டுப்படுது. இதுக்கு மேல வேணுமென்டா கல்முனைக்கு வாறன், நேர்ல சண்டை பிடிப்பம், மற்ற ஆக்கள் காத்துக்கிட்டு இரிக்காங்க.

கொக்கட்டிச்சோலையில இருந்து: சேர், ஏஐ வந்தா எங்கட வேலை போயிருமா?

கோ கேள்வி கேளுங்க.

அக்கரைப்பற்றில இருந்து: சேர், காட்டாகோ எப்பிடிப் போடுறது? இறக்கினன், திறந்தா கறுப்பு ஸ்கிறீன்தான் வருது.

காட்டாகோ வெறும் எஞ்சின் தம்பி, போர்ட் காட்டாது. காட்ரெய்ன் என்ட புரோகிராம இறக்குங்க, அதில எஞ்சினும் போர்ட்டும் சேந்தே வரும். கிராஃபிக்ஸ் கார்ட் இல்லாட்டியும் ஓடும், ஆறுதலா ஓடும்.

இப்ப ஒண்டு சொல்றன், கவனமாக் கேளுங்க. கேம் முடியுமட்டும் எஞ்சினத் திறக்காதீங்க. முடிஞ்ச உடனயும் திறக்காதீங்க. எங்க தோத்தம் என்டு நீங்களா ஒருக்கா யோசிச்சிட்டுத் திறங்க. நல்ல நகர்வு இதுதான் என்டு எஞ்சின் காட்டுற நீலப் புள்ளியப் பாத்துப் பாத்து விளையாடின பொடியனுக்கு புள்ளி இல்லாத போர்ட்டில ஒரு கல்லு வைக்கத் தெரியாது.

ஏறாவூரில இருந்து: கே ஜியே முதல் கேம்ல அரைப் புள்ளியிலதானே தோத்தார், கிட்டத்தட்ட வென்ட மாதிரித்தானே?

இல்லவே இல்ல. ஆல்ஃபாகோ பாக்கிறது வெல்ல எத்தனை வீதம் சான்ஸ் என்டு மட்டும்தான், எத்தனை புள்ளியில என்டு இல்ல. அரைப் புள்ளியில நிச்சயமா வெல்றதும் 20 புள்ளியில ஆபத்தோட வெல்றதும் முன்னால இரிந்தா அரையத்தான் எடுக்கும். புள்ளி வித்தியாசம் குறைஞ்சு குறைஞ்சு வாறதப் பாத்து ஆள் நெருங்கிறார் என்டு நினைச்சா ஏமாந்து போவீங்க. உங்கட எஞ்சின்லயும் இதேதான், 95 வீதம் என்டு காட்டினா பெரிய வித்தியாசம் என்டு அர்த்தம் இல்ல, ரெண்டு புள்ளியா இரிக்கலாம். காட்டாகோவில புள்ளிக் கணக்கும் வரும், அதப் பாருங்க. அதுவும் கேம் முடிஞ்ச பிறகு.

காத்தான்குடியில இருந்து: 2016ல அவ்வளவு பெரிய மெசின் வச்சு ஒரு தனி மனிசனோட மோதினது அநியாயம் இல்லையா?

லீயோட விளையாடினது 48 டிபியுவில ஓடினது, அது கூகுள் தானே செய்த சிப். 2017ல வந்த ஆல்ஃபாகோ ஸீரோ மனிசர்ர கேம் ஒண்டும் பாக்காம, விதிய மட்டும் வச்சு 3 நாள் தன்னோட தானே விளையாடி, 4 டிபியுவில ஓடி, அந்த 48ஐ 100-0. அநியாயம் என்டா அந்த 48க்குத்தான்.

திருக்கோவிலில இருந்து: ஏஐயால வேலை இல்லாமப் போகுமா சேர், அது பத்தி...

கொக்கட்டிச்சோலைக்குச் சொன்ன பதில் இரிக்கு.

செங்கலடியில இருந்து: சேர், லீ செடால் விளையாடுறத உட்டிட்டாரா?

ஓம் மகள், 2019 நவம்பர்ல. வெல்லவே ஏலாத ஒண்டு இரிக்கு என்டதையும் காரணமாச் சொன்னவர். அடுத்த மாசம் ஹான்டோல் என்ட கொரியா புரோகிராமோட கடைசியா மூணு கேம். முதல் கேம்ல ரெண்டு கல்லு சலுகை வாங்கி வென்டார், சலுகை இல்லாம விளையாடின ரெண்டாவது தோல்வி, மறுகா சலுகையோட மூணாவதும் தோல்வி. அதுக்காக ஆட்டம் செத்துப் போகல. மூலையில ரெண்டு ஓரத்தில இருந்தும் நாலாம் கோடு சந்திக்கிற நாலு-நாலு முனையில கிடக்கிற கல்லுக்குக் கீழ, மூணு-மூணுக்குள்ள தொடக்கத்திலேயே புகுறதுக்கு முந்தி குருமார் ஏசுவாங்க, இப்ப புரோக்கள் எல்லாரும் புகுறாங்க. மெசின் வந்த பிறகு மனிசர்ர நகர்வு கெட்டுப் போகல, கூடத்தான் செஞ்சிருக்கு.

ஆரையம்பதியில இருந்து: அண்ண, அந்த வட்டம் போடுற வித்தைய என்ட கூட்டாளியோட விளையாடிப் பாக்கவா?

பாருங்க, படுதோல்விதான். உங்கட கூட்டாளி உங்கட உள்ளுக் கூட்டத்தக் கொன்டிட்டுச் சிரிப்பான், மனிசனுக்கு அந்த வட்டம் கண்ணுக்கு முன்னால தெரியிது. முதல்ல ஒரு மூலையில ரெண்டு கண் (எதிராளி அடைக்க ஏலாத ரெண்டு வெறும் இடம்) கட்டி உசிரோட இரிக்கப் பழகுங்க. எஞ்சின் மூடியிரிக்கட்டும்.